மொச்சையைத் தாண்டாதீர்கள்

எங்கள் காம்பவுண்டில் ஒரு பெண் பத்து வருஷமாக ஏழு வயதிலேயே இருந்தாள், அது எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் அவள் படத்தில் இருந்தாள், படத்தில் இருக்கிறவர்களுக்கும் வயது ஏறும் என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் பெயர் மொச்சை. புள்ளி போட்ட மஞ்சள் கவுன், எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் விழுந்த வாய். தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தில் கை வைத்து, வரிசையாகப் போகும் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை வரைந்தவள் முதல் வீட்டு மங்கையர்க்கரசி. அவள் போடும் படப் புத்தகங்களில் மொச்சை கடலுக்குப் போவாள், சந்தைக்குப் போவாள், ஒரு புத்தகத்தில் நிலாவுக்குக்கூடப் போய் வந்தாள், ஆனால் எங்கே போனாலும் கடைசிப் பக்கத்தில் வந்து குப்புறப் படுத்து எறும்பு பார்ப்பாள், அதைப் பார்த்த பிறகுதான் மதுரைப் பிள்ளைகளில் பாதி தூங்கும்.

மொச்சை வேறு யாருமில்லை, மங்கையின் மகள் நறுமுகைதான், ஏழு வயதில். நிஜ நறுமுகைக்குப் பல் முளைத்தது, கால் நீண்டது, கண்ணாடி வந்தது, அம்மாவை எதிர்த்துப் பேச வாய் வந்தது, ஒவ்வொன்றும் வர வர மங்கை உள்ளே போய் இன்னொரு மொச்சையை வரைந்துகொண்டாள். "ஒருத்தி வளந்தா வளரட்டும், எனக்கு இன்னொருத்தி இருக்கால்ல மதினி," என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் ஐந்தாம் வீடு. அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

எங்கள் காம்பவுண்டு எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று எட்டு வீடு, நடுவில் ரயில் பெட்டி மாதிரி ஒரு நீள நடை, நடையின் முன்னால் தெரு, பின்னால் தண்ணீர்க் குழாய், குழாயை ஒட்டிச் சந்துக்குத் திறக்கும் ஒரு தகரக் கதவு. மங்கையின் வீடு ஒற்றை அறை. பஸ் ஓட்டிவிட்டு வரும் அவள் வீட்டுக்காரர் கட்டிலில் விழுந்தால் அறை நிறைந்துவிடும். அதனால் அவள் காகிதத்தை நடையில்தான் விரிப்பாள், நாங்கள் குடத்தோடும் சைக்கிளோடும் காய்கறிப் பையோடும் அதைத் தாண்டித் தாண்டிப் போவோம். பத்து வருஷமாக அப்படித்தான். இந்தச் சித்திரையில் ஒரு கண்காட்சிக்காக, குழந்தைப் பருவம் என்று தலைப்பாம், நடையின் அகலம் முழுக்க அடைக்கிற பெரிய மொச்சையை அவள் விரித்தபோதும் நாங்கள் காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தோமே தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை.

அப்போதுதான் மூன்றாம் வீட்டுக்குப் பேச்சியம்மாள் குடிவந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, இட்லி மாவு அரைத்து விற்கிறவள், கிரைண்டர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. சாமான் இறக்கிய ஆட்டோவை அனுப்பிவிட்டு உள்ளே வந்தவள், மூட்டையோடு நடையில் நின்றுவிட்டாள்.

"ஏத்தா, என்ன அநியாயம் இது! படுத்திருக்கிற பிள்ளையத் தாண்டித் தாண்டிப் போறீங்களே, பிள்ள எப்பிடித்தா வளரும்?"

"அது படம் அக்கா," என்றாள் மங்கை.

"படம்னா பிள்ள இல்லையா? பல்லு விழுந்திருக்கு, சட பின்னியிருக்கு, இன்னும் என்ன வேணும்? தாண்டுன எல்லாரும் திரும்பத் தாண்டுங்க, மொதல்ல."

நறுமுகை புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு நியாயம் கேட்டாள். "குழாய்க்குப் போறப்ப ஒரு தடவை தாண்டுறோம், வர்றப்ப திரும்பத் தாண்டுறோம்ல அத்தை? அப்பவே சரியாப் போயிருக்குமே?"

பேச்சியம்மாள் அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. "தெரியாமத் தாண்டுனாலும் பிடிக்கும். ஆனா திரும்பத் தாண்டுறது மனசோட தாண்டணும். பிள்ள வளரட்டும்னு நெனச்சுக்கிட்டுத் தாண்டணும். நீங்க யாரு அப்பிடி நெனச்சீங்க?"

நாங்கள் யாரும் நினைக்கவில்லை என்பது உண்மைதான். அதனால் அன்று சாயங்காலம், விளையாட்டாகத்தான், எட்டு வீடும் குழாயடியில் கூடி, வரிசையில் நின்று, ஒவ்வொருவராக, "வளரட்டும், வளரட்டும்" என்று சொல்லிக்கொண்டே மொச்சையைத் திரும்பத் தாண்டினோம். ஆறாம் வீட்டு டைலர் சிக்கந்தர் பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தாண்டினார், மங்கையின் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்த காக்கிச் சட்டையோடு தாண்டினார், பிள்ளைகள் சந்து வழியாகச் சுற்றி ஓடி வந்து மறுபடி வரிசையில் நின்றார்கள், நான் மூட்டு வலியோடு ஒரு முறை தாண்டி அதற்கே கைதட்டல் வாங்கினேன். மங்கையும் சிரித்துக்கொண்டே தாண்டினாள். விளையாட்டு என்று நினைத்ததால் மனதோடுதான் தாண்டியிருக்கிறாள், பாவம்.

மறுநாள் காலை மொச்சைக்கு முன்பல் முளைத்திருந்தது.

யாரும் அலறவில்லை. பேச்சியம்மாள் மட்டும், "பாத்தீங்களா," என்றுவிட்டு உளுந்து களையப் போனாள். அடுத்த சில நாளில் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. சிக்கந்தர் பாய் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, படத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தோளிலிருந்து கால் வரை அளந்து பார்த்துவிட்டு, "வளர்ற பிள்ளைக்கு எப்பவும் ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு வெக்கணும்மா, நீங்க வெக்கல," என்று மங்கையைக் குறை சொன்னார். மங்கை மஞ்சள் வண்ணத்தைக் குழைத்து ஓரம் இறக்கினாள். இறக்கிய ஓரம் காய்வதற்குள் மொச்சை இன்னும் வளர்ந்தாள். அதன்பிறகு யாரும் அவளைத் தாண்டவில்லை. தண்ணீருக்குத் தெருவில் இறங்கி, முனை திரும்பி, சந்துக்குள் புகுந்து, தகரக் கதவு வழியாகக் குழாய்க்கு வந்தோம், அதே வழியில் இடுப்புக் குடத்தோடு திரும்பினோம், ஆண்கள் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள்.

நடையில் கிடந்தவள் மட்டும்தான் வளர்கிறாள் என்று நினைத்தோம். அப்புறம்தான் ஊருக்குள்ளிருந்து சேதி வந்தது, எல்லா வீட்டிலும், எல்லாப் பள்ளிக்கூடத்திலும், எல்லாப் புத்தகத்திலும் மொச்சை வளர்கிறாளாம். பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் நடைக்கே புகார் சொல்ல வந்தார்கள். "எங்க கிளாஸ்ல இருந்தவ ஆண்ட்டி, இப்ப அக்கா மாதிரி ஆயிட்டா," என்று ஒரு பையன் அழுதான். நூலகத்தில் குழந்தைகள் அலமாரியிலிருந்து அவளை எடுத்துப் பத்தாம் வகுப்பு வினாவிடைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். புத்தகம் போடும் ஆல்பர்ட் சார் சென்னையிலிருந்து போன் செய்து, "கோடவுன்ல இருக்கிற அத்தனை காப்பியிலயும் சடை நீண்டு பைண்டிங்குக்கு வெளிய வந்திருக்கு மேடம்," என்றார், கோபமா பெருமையா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அதுவும் தன்னால் ஒரு வழிக்கு வந்தது. புதிதாக ஒரு பிள்ளை புத்தகத்தைத் திறந்தால், அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயதோ அந்த வயதில் மொச்சை இருப்பாள், அங்கிருந்து அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வளர்வாள் என்று தெரிந்தது. இரண்டாம் வீட்டுக் கைக்குழந்தையின் முன்னால் ஒரு புதுப் புத்தகத்தை விரித்தோம், அதில் மொச்சை பல்லே இல்லாமல் கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தன. ஊர் சமாதானமாகிவிட்டது. சமாதானமாகாதவள் ஒருத்திதான்.

மங்கைக்குத் தூக்கம் போயிற்று. ஏனென்றால் இதே சித்திரையில்தான் நறுமுகைக்கு வடக்கே ஒரு காலேஜில் இடம் கிடைத்திருந்தது, காடுகளைப் பற்றிய படிப்பு, இரண்டு ராத்திரி ரயிலில் தூங்கி எழுந்தால்தான் அந்த ஊர் வரும். மங்கை போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நறுமுகை போனாலும் மொச்சை இருப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு தைரியம் வைத்திருந்தாள், அந்தத் தைரியம்தான் இப்போது நடையில் கிடந்து கை கால் நீண்டுகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு வயது, சில வாரம் இரண்டு. ரயிலுக்கு முன்னால் மொச்சை நறுமுகையைப் பிடித்துவிடுவாள் போலிருந்தது.

மொச்சைக்குப் பதின்மூன்று ஆனபோது பேச்சியம்மாள் சடங்கு பற்றிப் பேச்செடுத்தாள். பந்தல், மைக் செட், தாய்மாமன் சீர் என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, நறுமுகை நடுவில் வந்து நின்றாள்.

"எனக்கு நடத்துனப்ப பிளெக்ஸ் போர்டு வெச்சுத் தெருவுக்கே சொன்னீங்க. ஒரு வாரம் நான் ஸ்கூல் வாசல்ல தலை நிமிரல. அவளையாச்சும் விடுங்க."

பேச்சியம்மாள் எண்ணிக்கொண்டிருந்த விரல்களை மடக்கினாள். "சரித்தா, மைக் வேணாம். ஆனா உளுந்தங்களி கிண்டுவேன், அதைத் தடுக்காத." அப்படியே நடந்தது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்கும் களியை எட்டு வீடும் வழித்துத் தின்றோம், விஷயம் என்ன என்று யாரும் வாயைத் திறக்கவில்லை, இப்படியும் ஒரு சடங்கு நடத்தலாம் என்று தெரியாமல் இத்தனை காலம் எத்தனை பிள்ளைகளைப் பந்தலில் உட்காரவைத்துக் கூச வைத்தோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் மொச்சை முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். காதிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது. மங்கை வரையாத ஒயர். கவுனும் இல்லை, அவளே ஒரு ஜீன்ஸ் போட்டிருந்தாள். மங்கை காகிதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மொச்ச, ஏ மொச்ச, இங்கிட்டுத் திரும்புடி," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள் நறுமுகையும் காதில் ஒயரோடு முதுகைக் காட்டித்தான் படுத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, மங்கையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"நிப்பாட்ட வழி இருக்கா அக்கா?" என்று அவள் பேச்சியம்மாளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"அது என்ன கம்ப சூத்திரமா? இன்னொருக்கா தாண்டு, அங்கனயே நின்னுருவா. ஆனா ஏன்த்தா நிப்பாட்டணும்?"



ரயிலுக்கு முந்தின நாள் மதியம், மூன்று மணிக்கு மேல். வீட்டிலேயே தைக்கிற சிக்கந்தர் பாயைத் தவிர ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், குழாயில் தண்ணீர் நின்றிருந்தது, கிரைண்டரும் ஓய்ந்திருந்தது, நான் என் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மொச்சைக்குப் பதினேழு வந்துவிட்டது. கோபமெல்லாம் தீர்ந்து அவள் மறுபடி இந்தப் பக்கம் திரும்பி, பழையபடி குப்புறப் படுத்து, கன்னத்தில் கை வைத்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கை வீட்டிலிருந்து வந்தாள். புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தாள். நான் கூப்பிட்டிருக்கலாம். கீரையை உருவிக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு காலைத் தூக்கி வைத்தாள், மறு காலையும் எடுத்து வைத்து, மொச்சையைத் தாண்டிவிட்டாள்.

படத்தில் எறும்புகள் நின்றுவிட்டன. பத்து வருஷமாக மொச்சையின் படங்களிலெல்லாம் அவை ஊர்ந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன என்பது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மொச்சையின் கண்ணில் இருந்த சின்ன வெள்ளைப் புள்ளி மங்கிப்போனது.

வீட்டுக்குள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த நறுமுகை என்ன உணர்ந்தாளோ, வெளியே வந்தாள். படத்தைப் பார்த்தாள், அம்மாவின் காலைப் பார்த்தாள். சண்டை வரப்போகிறது என்று நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன். சண்டை வரவில்லை.

"திரும்பத் தாண்டும்மா."

"முடியலடி."

"கால் வலிக்குதா?"

"இல்ல. மனசோட தாண்டணும்ல. அது வர மாட்டேங்குது." மங்கை அழுதுவிட்டாள். "உன்னை அனுப்பிட்டு நான் யாரை வரைவேன்? எனக்கு ஏழு வயசுப் பிள்ளையத் தவிர வேற எதுவும் வரையத் தெரியாதுடி."

நறுமுகை காகிதத்தின் ஓரத்தில், மொச்சைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே நீளம்.

"அம்மா, நான் இங்க இப்பிடிப் படுத்து எறும்பு பாத்தேன்ல, நீ இத்தனை வருஷமா அதைத்தான் வரைஞ்ச. என்ன பாத்தேன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

"எறும்பைத்தான."

"எறும்பு எங்க போகுதுன்னு பாத்தேன்மா." அவள் விரலை நீட்டி நடையின் கடைசியைக் காட்டினாள். "அந்தத் தகரக் கதவுக்கு அடியில பூந்து போகும். அப்புறம் எங்க போகும்னு தெரியாது. நாளைக்குத்தான் பாக்கப் போறேன்."

மங்கை அந்தக் கதவைப் பார்த்தாள். கதவுக்கு அடியில் வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அவள் வெகு நேரம் பார்த்தாள், பத்து வருஷம் வரைந்த ஒன்றை முதல் தடவையாகப் பார்க்கிறவள் போல. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, "வளரட்டும்," என்றாள். சத்தம் வரவில்லை, உதடு அசைந்ததுதான் தெரிந்தது. இரண்டு பெண்களையும் சேர்த்தே திரும்பத் தாண்டினாள்.

எறும்புகள் நகர்ந்தன. மொச்சை கையை ஊன்றி எழுந்தாள். அவள் எழுந்து நின்று நாங்கள் பார்த்ததே இல்லை, எழுந்ததும் தலை காகிதத்தின் ஓரத்தில் இடித்தது. "பிள்ளைக்கு எடம் பத்தல!" என்று நான் போட்ட கூச்சலில் காம்பவுண்டே எழுந்துவிட்டது. சிக்கந்தர் பாய் துணி வெட்டும் பழுப்புக் காகிதத்தைச் சுருளோடு உருட்டிக்கொண்டு ஓடிவந்தார், பேச்சியம்மாள் நாளைய இட்லி மாவை வாளியோடு கொண்டுவந்து பசையாகப் பூசினாள், நான் சுவரிலிருந்த காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பி ஒட்டினேன், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பரீட்சைத் தாளையெல்லாம் மகிழ்ச்சியாகத் தானம் செய்தார்கள். நாங்கள் ஒட்ட ஒட்ட மொச்சை நடந்தாள். காகிதத்திலிருந்து காகிதத்துக்கு, எறும்பு வரிசையை ஒட்டியே, என் வாசலைத் தாண்டி, குழாயைத் தாண்டி, எங்கள் எல்லோருடைய சத்தத்துக்கும் ஒரு முறை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தகரக் கதவுக்கு அடியில் வெயில் கோட்டுக்குள் குனிந்து புகுந்து போய்விட்டாள். மங்கை கதவைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்றுதான் பிறகு சொன்னாள்.

மறுநாள் எட்டு வீடும் ரயில் நிலையம் போனோம். இட்லிக்கு மாவு இல்லாததால் பேச்சியம்மாள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள், சிக்கந்தர் பாய் இரண்டு இஞ்ச் உள்ளே மடித்துத் தைத்த ஒரு சுடிதார் கொடுத்தார், நறுமுகையின் அப்பா தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடிப்போய்த்தான் கொடுத்தார். மங்கை அழுதாள், ஆனால் கையாட்டிக்கொண்டே அழுதாள்.

திரும்பி வந்தபோது நடை காலியாகக் கிடந்தது. பெரிய காகிதத்தில் எறும்புகள் மட்டும் இருந்தன, படுத்திருந்தவளின் இடம் வெள்ளையாக இருந்தது. இனி சுற்றிப் போக வேண்டாம், நேராகக் குழாய்க்குப் போகலாம் என்று ஆண்களுக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் தண்ணீர் வந்த சத்தம் கேட்டு நான் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நடையில், அந்த வெள்ளை இடத்தில், மங்கை குப்புறப் படுத்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது, கன்னத்தில் கை, கண் எறும்புகள் மேல். சிக்கந்தர் பாய் பக்கத்தில் மண்டியிட்டு, துணியில் அளவு குறிக்கும் சாக்பீஸால் அவளைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். "அசையாதீங்கம்மா," என்றார். கண்காட்சிக்கு இதுதான் போகப்போகிறதாம்.

குழாயில் தண்ணீர் எந்த நேரமும் நின்றுவிடும். நான் குடத்தை இடுப்பில் ஏற்றி, ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.

"மதினி," என்றாள் மங்கை, தலையைத் திருப்பாமல். "தாண்டிராதீங்க. நான் இன்னும் வளரணும்."

தூக்கிய காலை இறக்கி, தெருவில் இறங்கி, முனை திரும்பி, சந்து வழியாகச் சுற்றிப் போனேன்.